பயணப் பையில் மின்வாசிப்பான்: மலையகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கொழும்புக் கோட்டையில் பதுளைக் கோச்சி ஏறியவர்களுக்கு இடநெருக்கடியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழும்பின் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள் எல்லாரும் ஓரிரு நாளில் ஊர் திரும்புகிறார்கள். மேல் தட்டு நிறையத் துணிமணி, பட்டாசு, தம்பி தங்கைக்கு வாங்கிய சப்பாத்து. காலடியில் இன்னும் இரண்டு பை. அப்படியான ஒரு பயணத்தில், துரைவி பதிப்பகம் 1997இல் வெளியிட்ட 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்ற இரண்டு தடித்த தொகுப்புகளையும் தோளில் மாட்டிக்கொண்டு ஹட்டன்வரை வந்திருக்கிறேன். நாவலப்பிட்டி தாண்டும்வரை நின்றே வந்ததால் பையைத் திறக்கவும் முடியவில்லை. இன்று அதே பாதையில் என்னிடம் இருப்பது 211 கிராம் எடையுள்ள ஒரு மின்வாசிப்பான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாசிக்கலாம்.

இந்தக் கருவியைச் சில ஆண்டுகளாக மலைக்கு ஏற்றி இறக்கி வருகிறேன். பயணிகளுக்கு இது உகந்ததா என்று கேட்டால், எங்கே பயணம், எந்த மொழியில் வாசிப்பு என்ற இரண்டையும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன். ஆங்கிலத்தில் வாசிக்கும் ஒரு சுற்றுலாப் பயணிக்கு நானுஓயாவிலிருந்து எல்லவரை இது குறையில்லாத துணை. தமிழில் வாசிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படியில்லை. இந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் நன்மை தீமைப் பட்டியல்கள் நமக்கு உதவா.

கருவி செய்யும் வேலையை முதலில் மெச்ச வேண்டும். அதன் திரையில் நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் மின்னேற்றம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள். பக்கம் திருப்பும்போது மட்டும் மின்சாரம் அந்தத் துகள்களை இடம் மாற்றுகிறது. பிறகு அவை அங்கேயே நிற்கும். அதனால்தான் ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், கைத்தொலைபேசியின் மிச்சச் சார்ஜை வீட்டுக்கு அழைப்பெடுப்பதற்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அதே மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன; சில நாளிதழ்கள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. மின்சாரமும் கடதாசியும் ஒன்றாகக் கைவிட்ட அந்த வாரங்களில் என் வாசிப்பு நிற்கவில்லை. இந்தக் கருவியின்மீது எனக்கு மரியாதை பிறந்தது அப்போதுதான்.

மலைப்பாதையில் அது தரும் வசதிகள் இன்னும் உண்டு. இரவு மெயில் வண்டியில் பெட்டியின் விளக்கு மங்கலாக எரியும், சில நேரம் எரியாது. திரையின் சொந்த வெளிச்சம் போதும், பக்கத்தில் தூங்குபவரின் கண்ணையும் உறுத்தாது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வண்டி நுழையும்போது பிள்ளைகள் கூச்சலிடுவார்கள், வாசித்துக்கொண்டிருந்த வரி மட்டும் அறுபடாது. பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விட்டாலும் ஏற்கெனவே இறக்கி வைத்த நூலுக்கு ஒன்றும் ஆகாது. போனில் வாசிப்பவருக்கு இந்த அமைதி கிடைப்பதில்லை. சிக்னல் திரும்பியதும் பத்துச் செய்திகள் வந்து விழும், கதை கலைந்துவிடும்.

மழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஹட்டனில் பஸ் இறங்கி, ஆட்டோ பிடித்து, தோட்டத்துச் சந்தியிலிருந்து லயக் குடியிருப்புவரை நடப்பதற்குள் பையில் உள்ள கடதாசி எல்லாம் ஊறிவிடும். ஊறாமல் வீடு சேர்ந்த புத்தகமும் தப்புவதில்லை. லயத்துச் சுவரின் ஈரத்தில் இரண்டு மழைக்காலத்துக்குள் பூஞ்சணம் பிடித்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீர்புகாத வகைக் கருவி, 2 மீற்றர் ஆழ நன்னீரில் ஒரு மணித்தியாலம் கிடந்தாலும் தாங்கும் என்ற தரத்தோடு வருகிறது. ஆனால் விலை குறைந்த அடிப்படை வகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நம்மில் அதிகம் பேர் வாங்கக்கூடியது அடிப்படை வகைதான் என்பதை மறந்துவிடக்கூடாது.

குளிரில் ஒரு சிறு தொந்தரவு உண்டு. தை, மாசியில் நுவரெலியாவில் புல் மீது உறைபனி படியும் விடியற்காலைகளில் திரையின் துகள்கள் சோம்பிவிடுகின்றன. பக்கம் மெதுவாக மாறும். முந்திய பக்கத்தின் நிழல் எழுத்துகளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும். சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினால் சரியாகிவிடும். பஸ் பயணத்தில் கினிகத்தேனை வளைவுகளுக்கு மட்டும் எந்தக் கருவியும் கைகொடுக்காது. அங்கே கடதாசியையும் திரையையும் மூடிவிட்டு வெளியே பார்ப்பதே வயிற்றுக்கு நல்லது.

இனி, என்ன வாசிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டுரையின் பாரம் இங்கேதான் இருக்கிறது.

தலவாக்கலையைத் தாண்டி வட்டகொடையை நெருங்கும்போது, மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையை வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 1947 பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர், தேயிலைத் தோட்டத்து வாழ்வை எழுத்தில் நிறுத்தியவர். அவர் எழுதிய மலைகள் யன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்க, அவர் எழுத்து மடியில் இருப்பது ஒரு பயணியாக நான் கேட்கக்கூடிய உயர்ந்த இன்பம். மலையக எழுத்தாளர்களான தெளிவத்தை ஜோசப்பையும் என்.எஸ்.எம். இராமையாவையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். ஊரின் இலக்கியத்தை ஊருக்குள்ளே சுமந்து செல்லும் வாய்ப்பை இந்தக் கருவி தருகிறது. ஆனால் அந்த நூல்களைக் கருவிக்குள் கொண்டுவரப் போனால்தான் சிக்கல் தொடங்குகிறது.

அமேசான் தன் கிண்டில் மின்வாசிப்பானில் தமிழ் மின்னூல்களை முறையாக விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில். அது இந்தியச் சந்தைக்காக நடந்த ஏற்பாடு. தமிழ்நாட்டு நாவல்கள் அதில் ஏராளம். நம் மலையக எழுத்தாளர்களைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். இலங்கைக்கென்று தனிக் கடை இல்லாததால் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு இடம்தரும் வங்கி அட்டையும் வேண்டும். தோட்டத்தில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது?

கடைக்கு வெளியே நமக்கு வாய்த்தது, கைம்மாறு கருதாதவர்களின் உழைப்பு. 1998 தைப்பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து இக்காலம்வரை நூல்களைத் தட்டச்சு செய்து தந்தது. 2013 முதல் இயங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம், எழுத்தாளர்களின் இசைவோடு பொது உரிமத்தில் நூல்களை வெளியிடுகிறது. பழைய கருவிகளில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிந்ததால், 6 அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப் கோப்பையும் சேர்த்துத் தந்தவர்கள் அவர்கள். இலங்கை நூல்களுக்கோ 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமே பெருந்துணை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட சமூகம், எஞ்சியதைப் படமெடுத்துக் காப்பதைக் கடமையாகக் கொண்டது. அச்சில் இல்லாத மலையக நூல்களையும், நின்றுபோன சஞ்சிகைகளையும் நான் பார்த்தது அங்கேதான்.

ஆனால் நூலகம் திட்டத்தில் இருப்பவற்றில் மிகப் பெரும்பகுதி பக்கங்களின் படங்கள். படத்தில் எழுத்து எழுத்தாக இல்லை. மின்வாசிப்பானின் பெரிய வரமே எழுத்தைப் பெருப்பிக்கலாம், வரி தானாக மடிந்துகொள்ளும் என்பது. படத்தில் அது நடக்காது. பெருப்பித்தால் பக்கத்தின் மூலை ஒன்றுதான் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் இடம் வலமாக நகர்த்த வேண்டும். பழைய அச்சின் மங்கலும் பழுப்பும் கறுப்பு வெள்ளைத் திரையில் கறையாக விழும். குலுங்கும் ரயிலில் நாற்பது வயதைக் கடந்த கண்ணுக்கு இது வாசிப்பாகவே இராது. வட்டகொடையில் சி.வி.யை வாசிக்கும் என் ஆசை பல தடவை இப்படித்தான் முறிந்தது. காப்பதற்காகச் செய்த வேலையில் நான் குறை காணவில்லை. அவர்கள் படமெடுக்காவிட்டால் அந்த நூல்கள் இருந்த தடமே இராது. காத்ததை வாசிக்கத் தக்கதாக மாற்றும் அடுத்த கட்டத்தை நாம் செய்யவில்லை என்பதே என் கவலை.

விலையைப் பார்ப்போம். 2024இல் வந்த அடிப்படைக் கிண்டிலின் அமெரிக்க விலை அப்போது ஏறத்தாழ 110 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 33,000 ரூபாய். வரியும் அனுப்புக் கூலியும் இதற்கு மேல். அதே ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து 24 நாள் கொழுந்து பறித்த கூலி முழுவதையும் எடுத்து வைத்தாலும் அன்று அந்தக் கருவிக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆகவே இங்கே அது குடும்பத்துக்கு ஒன்றாகக்கூட வராது. உடைந்தால் அதைவிடக் கடினம். பண்டிகைக்காலக் கூட்டத்தில் என் முதல் கருவியின் திரை பைக்குள்ளேயே நசுங்கிக் கோடு கோடாகிப் போனது. ஊரிலும் தலைநகரிலும் பழுதுபார்ப்பவர்களிடம் காட்டினேன். மாற்றுத் திரைக்கு வழியில்லை என்று கைவிரித்தார்கள். நசுங்கிய புத்தகத்தை நிமிர்த்தி வாசிக்கலாம். கருவிக்கு உறுதியான உறை வாங்காமல் ரயில் ஏறாதீர்கள்.

உரிமை பற்றிய கேள்வி இதைவிட ஆழமானது. 2009 ஜூலையில் அமேசான், ஜோர்ஜ் ஓர்வெலின் இரண்டு நூல்களை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பதிப்புரிமைச் சிக்கல் என்று பின்னர் விளக்கம் சொல்லி மன்னிப்பும் கேட்டது. 2025 பெப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் நிறுத்தியது. நாம் காசு கொடுப்பது நூலுக்கா, வாசிக்கும் அனுமதிக்கா என்பதில் இனி மயக்கம் வேண்டாம். அந்த அனுமதியை இன்னொருவர் கையில் கொடுக்கவும் முடியாது.

மலையகத்தில் இது சிறு குறை என்று எனக்குப் படவில்லை. இங்கே வாசிப்பு தொடக்கத்திலிருந்தே பலர் கூடிய செயல். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பொன்னர் சங்கர் கதையை இராகம்போட்டு வாசிக்க, லயத்து வாசலில் மற்றவர்கள் கம்பளி போர்த்துக்கொண்டு கேட்டார்கள். வெளியார் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போய் நிலைமையைக் கண்டறிந்தவர் தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர்; அவரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் கட்டுரையாகவும் பாட்டாகவும் அச்சிட்டுப் பரப்பியவை கை மாறிக் கை மாறிப் போயின. ஒரு பிரதி எத்தனை கண்களுக்கும் காதுகளுக்கும் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இங்கே நூலின் பலம். ரயிலிலும் அப்படித்தான். நான் புத்தகம் விரித்திருந்தால் எதிரே இருக்கும் பிள்ளை அட்டையைப் பார்த்து, "அண்ணே, அது என்ன கதை?" என்று கேட்கும். ஹப்புத்தளைக்குப் போகும் ஒரு தம்பிக்கு ஹட்டனில் இறங்கும்போது புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கருவிக்கு அட்டை இல்லை. அதைக் கையில் வைத்திருந்த பயணங்களில் ஒருவரும் என்னிடம் கதை கேட்டதில்லை.

என் தீர்ப்பு இதுதான். பாரத்துக்கும் மழைக்கும் இருளுக்கும் மின்வாசிப்பான் கடதாசியை வெல்கிறது. நீண்ட பயணம் போகும் ஆசிரியர்களும் மாணவர்களும் வாங்க முடிந்தால் வாங்கட்டும். வெளியிலிருந்து ஏற்றும் நூல்களையும் திறக்கும் வகையாகப் பார்த்து வாங்கட்டும், ஒரே கடைக்குக் கட்டுப்படுவதாக இருக்கக்கூடாது. ஊருக்குத் திரும்பும் பயணத்தில் ஒரு மெல்லிய அச்சுநூலும் பையில் இருக்கட்டும், கொடுத்துவிட்டு வருவதற்கு. வாங்க முடியாதவர்கள் இழப்பாக நினைக்க வேண்டாம். போனில் இணையத்தை அணைத்துவிட்டு வாசித்தாலும் அந்த நூல்களே கிடைக்கும்.

ஆனால் நம் நூல்கள் படமாகவே இருக்கும்வரை இந்தக் கருவி மலையகத்துக்கு அரைத் துணைதான். அதை மாற்ற நம்மால் முடியும். சி.வி. 1984இல் மறைந்தார், தெளிவத்தை ஜோசப் 2022இல்; அவர்களுடைய எழுத்துக்கு உரிமையுள்ள குடும்பத்தினரும் பதிப்பாளர்களும், எழுத்துவடிவ மின்னூலுக்கு இசைவு தர வேண்டுகிறேன். நடேசய்யர் விஷயத்தில் அந்தத் தடையும் இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை, எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டுகள் நிற்கும். நடேசய்யர் மறைந்தது 1947இல். ஆகவே அவருடைய எழுத்து இன்று பொதுச்சொத்து. தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்த ஆசிரியரோ உயர்தர மாணவரோ இதை வாசித்தால், நாளுக்கு இரண்டு பக்கம் என்று நடேசய்யரிலிருந்து தொடங்குங்கள்.