முறுக்கிய பிட்லைன்

ஒரு கம்பியின் சிக்னல் பக்கத்துக் கம்பியைக் கலைக்கும் கிராஸ்டாக்கை அடக்க வழிகளுக்குப் பஞ்சமில்லை. கம்பிகளைத் தள்ளித் தள்ளி ஓட்டலாம், நடுவில் ஒரு கிரவுண்ட் கம்பியை ஷீல்டாக விடலாம், டிரைவரைப் பெரிதாக்கலாம். எல்லாமே வேலைக்கு ஆகும். ஆனால் அழகு என்று வந்தால் என் மனம் போய் நிற்பது டி-ரேமின் முறுக்கிய பிட்லைனில்தான். ஹிடாகாவும் அவருடைய மிட்சுபிஷி சகாக்களும் 1989இல் எழுதிய கட்டுரையின் படங்களை இன்றைக்கும் எடுத்துப் பார்ப்பேன்.

அடுத்தடுத்து இரண்டு பிட்லைன் ஜோடிகள். மேல் ஜோடி சரிபாதியில் ஒரே ஒரு முறை இடம் மாறும். கீழ் ஜோடி கால் தூரத்தில் ஒரு முறை, முக்காலில் ஒரு முறை. அவ்வளவுதான். நீளத்தை நாலு துண்டாக்கிப் பாருங்கள்: மேலே உள்ள ஒவ்வொரு கம்பியும் கீழே உள்ள ஒவ்வொரு கம்பியோடும் சரியாகக் கால் பங்கு தூரம் உரசி ஓடியிருக்கும். அண்டை ஜோடியின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழ, வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும் சென்ஸ் ஆம்ப்ளிஃபயருக்கு அது கேட்பதே இல்லை. படிக்க வேண்டிய சிக்னலோ ஏறக்குறைய 100 மில்லிவோல்ட்!

ஷீல்டு ரசிகர்கள் உடனே ஆல்ஃபா 21264ஐ எடுத்துவைப்பார்கள். டெக் நிறுவனத்தின் அந்தப் பிராசசரில் ஆறு உலோக லேயர்களில் இரண்டு முழுசாகப் பவருக்கும் கிரவுண்டுக்குமான தளங்கள். 600 மெகாஹெர்ட்ஸுக்கு அந்தத் துணிச்சல் வேண்டியிருந்தது, கும்பிடுகிறேன். ஆனாலும் அது பணக்கார வீட்டுக் கல்யாணம். முறுக்கலுக்கு ஆகும் செலவு, குறுக்கே தாண்டும் இடத்தில் கொஞ்சம் பரப்பும் ஒரு கம்பி வேறு லேயருக்குப் போய்த் திரும்புவதும்தான். இன்டெல் 14 நானோமீட்டரில் கம்பிகளுக்கு நடுவே காற்றிடைவெளி விட்டதைச் சொல்வோரும் உண்டு. பெரிய சாதனைதான், ஆனால் அதில் லேஅவுட் போடுபவரின் கைவண்ணம் இல்லை.

யோசனை பழசு. கிரஹாம் பெல் 1881லேயே முறுக்கு ஜோடிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ரயில் பாதையோரத் தொலைபேசிக் கம்பங்களில் கம்பிகள் இடம் மாறுவதை ஜன்னலோரம் உட்கார்ந்து தேடியவன் நான்.

டி-ரேம் செல்லின் பரப்பு எட்டு அலகிலிருந்து ஆறாகச் சுருங்கியபோது, பிட்லைனின் இணை பக்கத்து அரேவுக்குக் குடிபோய்விட்டது. முறுக்க ஜோடி ஏது? கணக்கு நியாயம்தான், மனம்தான் ஆறவில்லை. எஸ்-ரேமில் மட்டும் முறுக்கலை இன்னும் பார்க்க முடிகிறது.

லாஜிக் பக்கம் நிலைமை மோசம். முறுக்கலைப் போன்ற தந்திரம் அங்கேயும் உண்டு: அடுத்தடுத்த கம்பிகளில் இன்வர்ட்டர்களைப் பாதித் தூரம் தள்ளித் தள்ளி வைத்தால், முன்பாதியில் எதிர்த்திசையில் மாறித் தாமதப்படுத்திய அண்டைக் கம்பியே பின்பாதியில் கூடவே மாறிக் கைகொடுக்கும். இதைப் போர்டில் வரைந்தால் புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கண் விரிகிறது. மறுநாள் பார்த்தால், எந்தக் கம்பி எதை எப்போது இடித்தது என்று லேஅவுட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், ஸ்பேசிங்கை ஒரு படி கூட்டி ரூட்டரை ஓடவிட்டுவிட்டு, ரிப்போர்ட்டில் மீறல்களின் எண்ணிக்கை குறைகிறதா என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள்.