கட்டும் கொடையும்: ‘பசுமைச் சூனியக்காரி’ நூல்கள் பற்றி ஒரு திறனாய்வு

மேலைநாடுகளில் தம்மைச் ‘சூனியக்காரி’ என்று தாமே பெருமையுடன் அழைத்துக்கொள்ளும் பெண்கள் இன்று பலர் உள்ளனர். அவர்களுக்கென எழுதப்பட்ட கைந்நூல்களும் பல. இராய் பெத் 1990இல் ‘வேலியோரச் சூனியக்காரி’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். ஆன் மூரா 1996இல் ‘பசுமைச் சூனியம்’ பற்றி எழுதினார். ஆரின் மர்ஃபி ஹிஸ்காக் எழுதிய ‘பசுமைச் சூனியக்காரி’ 2017இல் வெளிவந்தது. இவ்வகை நூல்கள் காட்டையும் தோட்டத்தையும் அடுக்களையையும் வழிபாட்டிடமாகக் கருதுபவை. கடையில் வாங்கிய பொருளுக்குப் பதிலாக மூலிகைப் பொதி, மெழுகுவர்த்தி, களிம்பு ஆகியவற்றைக் குறைந்த செலவில் கையால் செய்து அன்பர்க்குக் கொடுக்கலாம் என்றும், பருவத்தோடு இசைந்து எளிமையாய் வாழலாம் என்றும் இவ்வழியினர் கற்பிக்கின்றனர்.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஊழியம் செய்யும் குருவானவர் ஒருவர் இவற்றை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்று வாசகர் வினவலாம். இந்நூல்கள் புகழும் வாழ்வை, அப்பெயர் ஏதுமின்றி, அவ்விரு மாவட்டங்களின் கிராமப் பெண்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அங்கே அணிகலனாக விரும்பி ஏற்கப்படும் பெயரோ, இங்கே ஏழை விதவை ஒருத்தியின்மீது எறியப்படும் கல்லாக இருக்கிறது. ஆகவே இந்நூல்களை நியாயமாய் மதிப்பிடுவதும், அவற்றின் ஒளியில் நமது பிரசங்க பீடத்தை மதிப்பிடுவதும் நமக்குத் தேவையாகின்றன.

1. நூல்களின் நிறைகளும் குறைகளும்

முதலில் நிறைகளைக் கூறுவோம். கொடை என்பது விலைச்சீட்டு ஒட்டிய பண்டம் என்னும் எண்ணத்தை இந்நூல்கள் மறுக்கின்றன. மண்ணையும் மழையையும் நன்றியோடு நோக்கக் கற்பிக்கின்றன. படைப்பு நல்லது என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் வாசிக்கும் நாம் இதைக் குறைகூற இயலாது. பிறர்க்குத் தீங்கு செய்தலாகாது என்னும் நெறியையும் இவ்வழியினர் வலியுறுத்துகின்றனர். இதை மறைத்துவிட்டு அவர்களைக் கண்டிப்பது நேர்மையாகாது.

எனினும் மூன்று குறைகளைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

முதலாவது, வரலாறு பற்றியது. கிறிஸ்தவத்திற்கு முற்பட்ட ஒரு சமயம் மறைவாகத் தொடர்ந்து வந்ததெனவும், சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டோர் அச்சமயத்தாரே எனவும் மார்கரெட் மரே 1921இல் எழுதினார். இங்கிலாந்தின் பழைய சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டபின், ஜெரால்டு கார்ட்னர் 1954இல் தம் நூலை வெளியிட்டு இவ்வியக்கத்திற்கு வடிவளித்தார். மரேயின் கொள்கையை வரலாற்றறிஞர் இன்று ஏற்பதில்லை. இவ்வியக்கம் தற்காலத்தில் உருவானது என்பதை 1999இல் வெளிவந்த இரானல்டு ஹட்டனின் ஆய்வு விரிவாக விளக்கியது. எட்டுத் திருநாள்கள் கொண்ட இவர்களது ஆண்டுச் சக்கரமும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தொகுக்கப்பட்டதே.

இரண்டாவது, பருவம் பற்றியது. அச்சக்கரம் வட ஐரோப்பாவின் வெயிலுக்கும் பனிக்கும் ஏற்றது. ஆகஸ்டு முதல் நாள் அங்கே முதற்கதிர் அறுத்து அப்பம் சுடும் திருநாள். பெரம்பலூர்க் கரிசலில் அது ஆடி மாதம். பட்டம் பார்த்து விதைக்கும் காலம். பிறநாட்டுப் பருவத்தை அப்படியே இறக்குமதி செய்பவர் பருவத்தோடு இசைந்து வாழ்பவர் ஆகார். இக்குறை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. மார்கழியில் நமது ஆலயத்துக் கிறிஸ்துமஸ் மரத்தின்மேல் பஞ்சைத் தூவிப் பனி என்கிறோம். பருத்தி விளையும் பெரம்பலூரில், அயலூர்ப் பருத்திக் காட்டில் வெடித்து நிற்கும் பஞ்சு உழவனின் உழைப்பு என்பதை மறந்து, யாரும் கண்டிராத பனியாக அதை ஆக்குகிறோம்.

மூன்றாவது, எளிமை பற்றியது. வேண்டிய அளவு பொருள் இருந்தும் வேண்டாமென விடுவது ஓர் எளிமை. இல்லாமையால் வருவது மற்றொன்று. மழையை நம்பிய புன்செய்க் கூலித்தொழிலாளியின் சிக்கனம் அவள் தெரிந்தெடுத்த அழகுணர்ச்சி அன்று. அது அவள்மீது சுமத்தப்பட்டது. இவ்வேறுபாட்டைக் காணாமல் எளிமையைப் புகழ்வது வறுமையைப் புகழ்வதில் முடியும்.

2. இம்மண்ணின் கைவேலை

இனி இவ்விரு மாவட்டங்களை நோக்குவோம். பெரம்பலூர்ப் பகுதி சின்ன வெங்காயத்திற்கும் மக்காச்சோளத்திற்கும் பருத்திக்கும் பெயர்பெற்றது. அரியலூரின் செந்துறை, ஆண்டிமடம் பக்கங்களில் முந்திரி விளைகிறது. தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது. வெங்காயம் மலிந்த நாளில் அதை நறுக்கி, உளுந்தும் கடுகும் வெந்தயமும் பூண்டும் கறிவேப்பிலையும் சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பங்குனி சித்திரை வெயிலில் பல நாள் காயவைப்பது வடகம். பெருமழைக் காலத்தில் குழம்பைத் தாளிக்க அது உதவும். புகுந்த வீட்டிற்குத் திரும்பும் மகளின் பையில் தாய் வைக்கும் பொருளும் அதுவே. வேப்பம்பூவும் சுண்டைக்காயும் மோர் மிளகாயும் இவ்வாறே வெயிலால் பதப்பட்டுக் கைமாறுகின்றன. பாட்டியின் பழைய நூற்சேலை பேரப்பிள்ளைக்குத் தூளியாகிறது. அது மேலும் நைந்தபின் குழந்தையைத் துடைக்கும் துணியாகிறது. ஆடிப் பதினெட்டில் ஆற்றுக்குக் கொடுப்பதும் காதோலை கருகமணி என்னும் சிறு பொருளே.

இவற்றிற்கு நூலுமில்லை, பெயருமில்லை. அரும்பாவூர் மரச்சிற்பத்திற்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அது தகுதியான பெருமையே. ஆயினும் அடுக்களையில் பிறக்கும் கைவேலை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

பிறந்த குழந்தையின் கையில் கட்டும் வசம்பு வளையத்தைப் பற்றிச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வசம்பைப் பெயர்சொல்லாதது என்றும் பிள்ளை வளர்ப்பான் என்றும் வழங்குவர். வயிற்றுப் பொருமலுக்கு மருந்து என்பார் சிலர். கண்ணேறு படாதிருக்கக் கட்டுகிறோம் என்பார் சிலர். ஒரே வளையத்தில் மருந்தும் அச்சமும் அன்பும் சேர்ந்திருக்கின்றன. ஆயர் அதைக் கண்டவுடன் அறுத்தெறியச் சொன்னால் மூன்றும் ஒன்றாய் அறுபடும். பாட்டியின் அன்பும் அறுபடும். அச்சத்தை நீக்கும் பணி கத்தரிக்கோலால் முடிவதன்று.

இம்மண்ணின் சமயமும் மந்திரவாதத்தை ஒரே நிலையில் வைத்துப் போற்றவில்லை. வாரத்தில் திங்களும் வெள்ளியும் நடைதிறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலின் தலவரலாறு இதற்குச் சான்று. செல்லியம்மனைத் தன் மந்திர வலிமையால் அடக்கி வைத்திருந்த மந்திரவாதி ஒருவனை, மதுரையிலிருந்து வந்த காளி அழித்தாள் என்பது அக்கதை. நாம் அவ்வழிபாட்டை ஏற்பவரல்லோம். ஆனால் பிறர் வல்லமையைக் கட்டி ஆள்பவனைக் கொடியவன் என்று இவ்வூர் மக்கள் நமக்கு முன்னரே அறிந்திருந்தனர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்வழக்கம் அனைத்தையும் சூனியம் என்று ஒரே சொல்லில் அடக்கும் பிரசங்கி, அவ்வூராருக்குத் தெரிந்த வேறுபாட்டைத் தாம் அறியாதவராகிறார்.

3. திருமறை காட்டும் அளவுகோல்

சூனியத்திற்கும் கொடைக்கும் இடையிலுள்ள வேறுபாடு யாது? நம் மக்கள் வழக்கில் மந்திரத்தின் வினை ‘கட்டு’ எனப்படும். வாய்க்கட்டு உண்டு, எல்லைக்கட்டு உண்டு. கட்டு என்பது ஒரு பொருளின் வழியாக மற்றொருவர்மீது நம் விருப்பத்தைச் செலுத்துதல். கொடை என்பது பொருளைக் கைவிடுதல்; பெறுகிறவர் அதை என்ன செய்தாலும் அவர் உரிமை. மேலைநாட்டுக் கைந்நூல்கள் தடுமாறுவது இவ்விடத்திலேதான். களிம்பைக் கிளறும்போதும் முடிச்சிடும்போதும் உன் எண்ணத்தை அதனுள் செலுத்து, அது பெறுகிறவரிடம் செயலாற்றும் என்று அவை கற்பிக்கின்றன. எண்ணம் நல்லதாயினும், அங்கே கொடை மெல்லக் கட்டாக மாறுகிறது.

சமாரியாவின் சீமோன் இத்தடுமாற்றத்தின் உருவம். அவன் தேவனுடைய வரத்தையே விலைகொடுத்து வாங்கும் வல்லமையென்று எண்ணினான். எபேசுவில் மாயவித்தைக்காரர் எரித்த புத்தகங்களின் மதிப்பு ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம் கணக்கிடுகிறது. மந்திரம் அக்காலத்திலும் பெருஞ்செலவுள்ள வணிகம். அவர்கள் எரித்தவை தங்கள் சொந்தப் புத்தகங்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அயலாள் வீட்டில் யாரும் தீ வைக்கவில்லை.

இதற்கு மறுபுறம், அன்னாள் ஆண்டுதோறும் தன் மகன் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துச் சீலோவுக்குக் கொண்டுபோகிறாள். அவள் அவனைக் கட்டிவைக்கவில்லை, ஒப்புக்கொடுத்துவிட்டாள். சட்டை மட்டும் ஆண்டுக்காண்டு அவன் உயரத்திற்கேற்ப வளர்கிறது. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவுக்குக் காட்டியவை அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளே. அவளைப் பற்றிய இரங்கலுரை முழுவதும் அத்தையலில் அடங்கியிருந்தது.

எந்தோரின் பெண்ணையும் நாம் மறத்தலாகாது. அஞ்சனம் பார்ப்பவர்களை நாட்டிலிருந்து துரத்திய சவுல், இரவில் மாறுவேடத்தில் அவளிடமே வருகிறான். அவள் செய்த குறியைத் திருமறை ஏற்கவில்லை. ஆயினும் அவன் தரையில் விழுந்து கிடந்தபோது, தன்னிடமிருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவைப் பிசைந்து, புளிப்பில்லா அப்பம் சுட்டு அவனை உண்ணச் செய்தவள் அவளே. மறுநாள் மடியப்போகிற அரசனுக்கு அந்தக் கடைசி உணவை அளித்தது, அவனால் துரத்தப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்த கை. 1 சாமுவேல் 28இன் முதற்பகுதியைப் பலமுறை பிரசங்கித்த நாம், அதன் இறுதி நான்கு வசனங்களை எத்தனை முறை பிரசங்கித்தோம்?

4. சொல்லின் ஆபத்து

யாத்திராகமம் 22:18இல் நமது பழைய மொழிபெயர்ப்பு ‘சூனியக்காரி’ என்னும் சொல்லை ஆள்கிறது. கிரேக்கச் செப்துவஜிந்து அவ்விடத்தில் மருந்தையும் நஞ்சையும் ஒருங்கே குறிக்கும் சொல்லடியை எடுத்தாளுகிறது. கலாத்தியர் 5:20இல் ‘பில்லிசூனியம்’ என்று நாம் வாசிப்பதும் அவ்வடியிலிருந்து வந்ததே. தமிழிலும் நோய் தீர்ப்பது மருந்து. வஞ்சித்து ஊட்டுவது இடுமருந்து. எனவே பச்சிலை அறிந்த ஒரு கிழவியை மருத்துவச்சியாகக் காண்பதும் சூனியக்காரியாகக் காண்பதும் பார்ப்பவரின் அச்சத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இவ்வச்சத்தின் விலையை வரலாறு அறியும். ஐரோப்பாவில் பதினைந்து முதல் பதினெட்டாம் நூற்றாண்டுவரை ஏறத்தாழ 40,000 முதல் 50,000 பேர் இக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டனர் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். சீர்திருத்தத் திருச்சபைகளின் நாடுகளும் இதில் குற்றமற்றவையல்ல. சேலம் நகரில் 1692இல் தூக்கிலிடப்பட்ட பத்தொன்பது பேரும் வேதம் ஓதிய மக்களாலேயே தண்டிக்கப்பட்டனர். இந்தியாவிலும் பீகார் 1999இலும், ஜார்க்கண்ட் 2001இலும், ஒடிசா 2013இலும், ராஜஸ்தான் 2015இலும், பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரையிட்டு வதைப்பதைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நமது கிராமங்களிலும் ஒரு குழந்தை நோயுற்றால், ஒரு மாடு இறந்தால், தனித்து வாழும் ஒருத்தியை நோக்கி விரல் நீள்வதுண்டு. அவ்வாரம் பிரசங்க பீடத்திலிருந்து நாம் சூனியம் என்று முழங்கினால், கேட்போர் மனத்தில் எந்த வீட்டு வாசல் தோன்றும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அரியலூரை அடுத்த ஏலாக்குறிச்சியில், வீரமாமுனிவர் அரியலூர்ச் சிற்றரசரின் கொடும்பிளவையைப் பச்சிலையாலும் செபத்தாலும் குணமாக்கினார் என்னும் வழக்கு இன்றும் சொல்லப்படுகிறது. தரங்கம்பாடி மிஷனரி கிரண்ட்லர் 1711இல் தமிழ் மருத்துவம் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு கையேட்டை எழுதினார். அங்கி அணிந்தவர் பச்சிலை எடுத்தால் தொண்டு என்கிறோம். அதே பச்சிலையை முந்தானையில் முடிந்துவரும் கிழவியை மட்டும் ஏன் வேறு பெயரால் அழைக்கிறோம்?

5. நாம் செய்யத்தக்கவை

பிறரது கட்டுகளைப் பழிக்குமுன் நமது கட்டுகளை அவிழ்க்க வேண்டும். விலைக்கு விற்கப்படும் ஜெப எண்ணெயும், நூறு மடங்கு திரும்ப வருமென்று வாங்கப்படும் விதைக் காணிக்கையும் சீமோனின் வழியில் வந்தவை. பாட்டியின் வசம்பைக் கண்டிக்கும் நாவு இவற்றைக் கண்டிக்கத் தயங்குமாயின், அக்கண்டனத்திற்கு மதிப்பில்லை.

அறுப்பின் பண்டிகையையும் நாம் மறுபடியும் நோக்க வேண்டும். இதன் தற்கால வடிவத்தை 1843இல் கார்ன்வாலின் மோர்வென்ஸ்டோவில் ஹாக்கர் என்னும் குருவானவர் தொடங்கினார். உபாகமம் 26 கூறும் முதற்பலன் கூடை அதற்கும் மூத்தது. அக்கூடையைக் கொண்டுவருபவன் தன் முன்னோரின் அலைச்சலையும் அடிமைத்தனத்தையும் சொல்லி, லேவியனோடும் பரதேசியோடும் சேர்ந்து மகிழ வேண்டும். நமது சபைகள் பலவற்றிலோ அக்கூடை ஏலத்திற்குப் போகிறது. அதிக விலை கேட்டவரின் பெயர் ஒலிபெருக்கியில் ஒலிக்கிறது. சுரைக்காயைக் கொல்லையில் வளர்த்தவளின் பெயர் ஒலிப்பதில்லை. ஏலத்தால் சபைக்கு வருவாய் உண்டு என்பதை அறிவோம். அவள் பெயரையும் ஒருமுறை படித்து, ஒரு பங்கை அவ்வூரின் ஏழைகளுக்கு ஏலமின்றிக் கொடுக்க அவ்வருவாய் தடையாயிராது.

கிறிஸ்துமஸ் பரிசுகளையும் இவ்வாறே மாற்றலாம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் உடைந்துபோகும் பிளாஸ்டிக் பொம்மைகளை மொத்தமாக வாங்குவதற்குப் பதிலாக, சபையின் மூத்த பெண்களை அப்பிள்ளைகளோடு அமர்த்தி, ஓலைப்பெட்டி முடையவும் துணிப்பை தைக்கவும் கற்பிக்கச் செய்யலாம். துணியில் சுற்றி முன்னணையில் கிடத்தப்பட்ட பாலகனைப் பற்றிப் பேசும் நாளில், பழைய சேலை தூளியாகும் கதையை அறிந்தவர்களே அதைச் சரியாக விளங்கிக்கொள்வர்.

இறுதியாக, இறையியல் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். கிராமச் சபைக்கு அனுப்பப்படும்போது, எது சூனியம் என்று தீர்ப்பளிக்குமுன், எது எதற்காகச் செய்யப்படுகிறது என்று அங்குள்ள வயதான பெண்களிடம் கேளுங்கள். கட்டுகிறதா, கொடுக்கிறதா என்று பாருங்கள். கட்டுகிறதாயின் சுவிசேஷத்தின் விடுதலையைப் பொறுமையோடு அறிவியுங்கள். கொடுக்கிறதாயின் இரு கைகளாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் வடகத்திற்கு விலை கேளாதிருங்கள்.