பர்மிங்காம் சிறைக் கடிதத்தில் முன்னிலை

மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் கைதானார். கறுப்பின மக்களின் போராட்டம் காலத்திற்கு ஒவ்வாதது என வெள்ளையின மதத்தலைவர் எண்மர் விடுத்த அறிக்கைக்கு மறுமொழியே ஏப்ரல் 16 நாளிட்ட அவரது சிறைக் கடிதம். இதனை அறவழிப் போராட்டத்தின் கொள்கை விளக்கமாகவே பலரும் காண்பர். அது யாரை விளிக்கின்றது என்பதும் நோக்கத்தக்கது.

உடன் ஊழியரான அவ்வெண்மரையே அது விளிக்கின்றது. அநீதியான சட்டத்தை மீறுதற்குக் கிங் காட்டும் சான்றோருள் அகஸ்தீன், தாமஸ் அக்குவினாஸ், மார்ட்டின் பூபர் ஆகியோர் அடங்குவர். எண்மருள் ஒருவர் யூதக் குரு. ஆதலின் யூதச் சிந்தனையாளரான பூபரின் பெயர் அங்கு வருதல் வெறும் புலமைக் காட்சி அன்று. 1959இல் இந்தியா வந்து சென்றவர், காந்தியடிகளுக்குத் தாம் பட்ட கடனைப் பலமுறை பேசியவர், இக்கடிதத்தில் அவர் பெயரைச் சுட்டவேயில்லை. இதனை மறதி என்றல் பொருந்தாது. எதிர்த்தரப்பினர் தாமே தொழும் மரபிலிருந்து எழும் சான்றை அவர்களால் தள்ள இயலாது எனக் கிங் கருதினார் போலும்.

பொறுத்திருங்கள் என்னும் அறிவுரைக்கு விடையாக வரும் பகுதி இன்னும் நுட்பமானது. இழிவுகளை ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்லும் ஏறத்தாழ 300 சொற்கள் கொண்ட ஒரே தொடர். முடிபு இறுதியில்தான் கிட்டும். காத்திருத்தலின் கொடுமையைப் படிப்பவர் அந்நீளத்திலேயே உணர்கின்றார். வினைமுற்றை ஈற்றில் வைக்கும் தமிழுக்கு இவ்வமைப்பு இயல்பாகவே பொருந்தும். எளிமை கருதி இதனைச் சிறு தொடர்களாகத் துணிக்கும் மொழிபெயர்ப்பு வாதத்தையே இழந்துவிடும்.

நாளிதழின் ஓரங்களில் எழுதத் தொடங்கிய இக்கடிதத்தை வெளியீட்டிற்காக மெருகேற்றியதாகக் கிங்கே 1964இல் வெளிவந்த தம் நூலில் குறித்துள்ளார். சிறையில் பொங்கிய தன்னெழுச்சி உரையாக மட்டும் இதனைப் போற்றுவோர் அவ்வுழைப்பைக் காணத் தவறுகின்றனர்.