தொட்டியில் சம்பங்கி

புரட்டாசி பிரம்மோற்சவத்தின்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருமலைக்குப் போகும். அந்த மாலையில் துளசியோடும் செவ்வந்தியோடும் சம்பங்கியும் இருக்கும். இதழ் தடித்த பூ என்பதால் தொடுத்து வெகுநேரம் ஆனாலும் துவளாது. ஆண்டாள் மாலையில் இவ்வளவு உரிமையோடு இடம்பிடித்த இந்தச் செடியின் தாயகம் மெக்சிகோ. டியூலிப்பைப் போல இதுவும் கிழங்கிலிருந்து முளைப்பது. ஒரு பருவத்தில் இலை சமைத்ததைக் கிழங்கில் சேர்த்துவைத்து, அடுத்த பருவத்தில் அதைப் பூவாகச் செலவழிப்பது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் டியூலிப் ஒரு முறை வந்துபோகும் விருந்தாளி. சம்பங்கியோ வீட்டு ஆள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அந்தந்தக் கிழங்கு கேட்கும் ஓய்வு.

டியூலிப் மத்திய ஆசியாவின் மலைச் சரிவுகளில் தோன்றியது. கோடையில் இலை காய்ந்தபின் கிழங்குக்குள்ளேயே அடுத்த ஆண்டின் மொட்டு உருவாகிவிடும். ஆனால் தண்டு நீண்டு அந்த மொட்டை வெளியே கொண்டுவர 12 முதல் 16 வாரக் குளிர் வேண்டும். அதுவும் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில் 2007இல் திறக்கப்பட்ட டியூலிப் தோட்டத்துக்கு அந்தக் குளிர் காஷ்மீரத்துப் பனிக்காலத்தில் தானாகக் கிடைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இருந்தும் ராஜபாளையத்துக்கு மார்கழியில்கூட அது கிடைப்பதில்லை. குளிர் போதாத கிழங்கு இலை விடும். மொட்டு இலைகளுக்கு நடுவிலேயே கருகிப்போகும்.

எனவே இங்கே டியூலிப் வளர்ப்பவர், முன்கூட்டியே குளிரூட்டிய கிழங்கை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அதே ஃபிரிட்ஜில் பழுக்கிற பழம் எதுவும் இருக்கக் கூடாது. ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் எவ்வளவு ருசியானாலும், பழுக்கும்போது அது வெளிவிடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். நடும்போது கிழங்கின் தட்டையான பக்கம் தொட்டியின் ஓரத்தைப் பார்த்திருக்கட்டும். முதல் பெரிய இலை அந்தப் பக்கம்தான் விரியும் என்பதால் தொட்டி விளிம்பு அழகாக மறையும். பூத்ததும் வீட்டிலேயே குளிர்ச்சியான அறை, வெளிச்சமான ஆனால் நேர் வெயில் படாத சன்னலோரம் வேண்டும். டியூலிப் இதழ் சூட்டில் விரிந்து குளிரில் குவியும். சூடான அறையில் அது குவியாமல் விரிந்தே கிடந்து சில நாளில் உதிர்ந்துவிடும். குளிர்ந்த அறையில் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். பூ முடிந்த கிழங்கை இந்த வெப்பத்தில் மறுபடி பூக்கவைக்க முயல்வது பெரும்பாலும் வீண் உழைப்பு.

சம்பங்கிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. குளிர் அதற்குத் தேவையே இல்லை; 20 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் செழிப்பாக வளரும். கிழங்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். 25 முதல் 30 கிராம் எடையுள்ள, விரலால் அழுத்தினால் குழையாத கிழங்கு நல்லது. சிறு கிழங்கு முதல் ஆண்டில் இலையை மட்டும் காட்டும். தோண்டிய உடனே நடாமல் நிழலில் ஒரு மாதம் காயவைத்து நடுவது விவசாயிகளின் வழக்கம். தொட்டிக்கும் அதுவே பொருந்தும். ஆனி, ஆடி நடவுக்கு ஏற்ற மாதங்கள்.

தொட்டி மண்தொட்டியாக, ஓரடி அகலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் மண்ணை அப்படியே அள்ளிப் போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. கரிசல் நீரைப் பிடித்துவைத்துக் கிழங்கை அழுகச் செய்யும். செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து, ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்தால் நீர் இறங்கிப்போகும். ஈரமும் கொஞ்சம் தங்கும். கிழங்கின் தலைக்கு மேல் இரண்டு விரற்கடை மண் போதும். அதைவிட ஆழமாக நட்டால் முளை தாமதமாகும்.

வீட்டுக்குள் வளர்ப்பது என்றால் நடுக்கூடத்து மூலை சம்பங்கிக்கு ஒத்துவராது. நாளில் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். வெயில் குறைந்தால் இலை நீண்டு தொங்கும், பூந்தண்டு வராது. முற்றத்திலோ மொட்டைமாடியிலோ வளர்த்து, பூக்கும் நாட்களில் மட்டும் உள்ளே கொண்டுவருவதே சரியான வழி. கோடையில் காலையில் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் நீர் ஊற்றலாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அதில் நீர் தேங்கவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிட்டால் பாதிச் செடிகள் பிழைக்கும்.

நட்டு மூன்று, நான்கு மாதத்தில் இலைக்கற்றைக்கு நடுவே ஒரு பச்சைத் தண்டு எழும்பும். தண்டு இரண்டு, மூன்றடி வளரும்போது மூங்கில் குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்ட வேண்டும். ராஜபாளையத்துக் காற்றில் பூப்பாரம் தண்டை முறித்துவிடும். மொட்டுகள் இரண்டிரண்டாகத் தண்டில் அடுக்கி நிற்கும். கீழே உள்ளவை முதலில் விரியும். மேலே உள்ளவை அப்போதும் இறுகிய பச்சை முனைகளாகவே இருக்கும். விரியவிருக்கும் மொட்டு மாலையில் பச்சை நீங்கிப் பால்வெள்ளையாகும். குழல் லேசாக வளைந்து, நுனியில் ஆறு இதழ்களும் பிரியும். பொழுது சாயச் சாய மணம் ஏறும். வெள்ளை நிறமும் நீண்ட குழலும் இரவு மணமும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கானவை. அடியில் இரண்டு பூ விரிந்ததும் தொட்டியைக் கூடத்துக்குள் கொண்டுவந்தால், மேலே உள்ளவை ஒவ்வொரு நாளும் ஓரிரண்டாக விரிந்து இரண்டு வாரம்வரை வீடு மணக்கும். படுக்கையறை வேண்டாம், மூடிய அறைக்குள் அந்த மணம் தலைவலி தரும்.

ஒற்றையடுக்குச் சம்பங்கியே உண்மையான ரசனைக்கு உரியது. பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் ஒற்றையடுக்கு. அதன் மொட்டு நுனியில் இளஞ்சிவப்புச் சாயல் தெரியும். அதே நிறுவனத்தின் சுவாசினி, வைபவ் ஆகியவை இரட்டையடுக்கு. பூச்சாடிக்கு அவை பார்வையாக இருக்கும். ஆனால் மணம் குறைவு, மாலைக்கும் ஒற்றைப் பூதான் எடுப்பு. மாலைக்குப் பறிப்பவர்கள் விடியற்காலையில், வெயில் ஏறும் முன் பறித்துவிடுவார்கள்.

பூ முடிந்தபின் கவனிக்காமல் விடும் தொட்டிகள் ஏராளம். கிழங்குப் பூ வளர்ப்பின் முக்கால் பங்கு வேலை அப்போதுதான் தொடங்குகிறது. காய்ந்த தண்டை அடியோடு வெட்டலாம், பச்சை இலையை ஒருபோதும் வெட்டக் கூடாது. ஒரு கிழங்கு ஒரே முறைதான் பூக்கும். அதைச் சுற்றி முளைக்கும் பக்கக் கிழங்குகளே அடுத்த பூவைத் தரும். அவற்றைப் பருக்கவைப்பது இந்த இலைகள்தான். எனவே பூவில்லாத மாதங்களிலும் நீரும், மாதம் ஒருமுறை கைப்பிடி தொழுவுரமும் நிற்கக் கூடாது.

இரண்டு, மூன்று ஆண்டுகளில் தொட்டிக்குள் கிழங்குகள் நெருக்கிக்கொண்டு பூ சிறுத்துவிடும். அப்போது தை மாதத்தில் நீரை நிறுத்தி, இலை மஞ்சளித்ததும் தொட்டியைக் கவிழ்த்துப் பிரிக்க வேண்டும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு; அந்தக் கிழங்குகளையும் மண்ணையும் சேர்த்தே அப்புறப்படுத்துவது நல்லது, வேறு தொட்டிக்கு மாற்றினால் அங்கும் பரவும். இலையடியில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்து, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்கலாம். இலைப்பேனுக்கும் அதுவே போதும். நல்ல பெருங்கிழங்குகளைத் தனியே பொறுக்கி, காற்றோட்டமான நிழலில் பரப்பிக் காயவைத்து எடுத்துவைத்தால் ஆனியில் நடலாம். சிறு கிழங்குகளை ஒரே தொட்டியில் நெருக்கி நட்டு ஓராண்டு வளர்த்தால், அடுத்த நடவுக்கு வெளியே கிழங்கு வாங்க வேண்டியிருக்காது.