எம்ஐ-17: அலமாரிக்கு அடங்காத மாதிரி

படைகளின் போக்குவரத்து ஹெலிகாப்டர்களில் சென்னைப் புறநகர்க்காரர்களுக்கு மிகப் பரிச்சயமானது எம்ஐ-17 வி5. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீட்புக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர்களில் இந்த ரகமும் உண்டு.

புறநகரில் ஆவடி என்றதும் கனரக வாகனத் தொழிற்சாலையின் டாங்கிதான் நினைவுக்கு வரும். 1:72 அளவில் மாதிரி செய்தால் டி-72 டாங்கி ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஹெலிகாப்டர் அடங்காது. 21.3 மீட்டர் விட்டமுள்ள மேல்விசிறி, மாதிரியிலும் ஏறக்குறைய 29.6 செ.மீ. வரும். அம்பத்தூர் ஃபிளாட்டின் புத்தக அலமாரிக்கு அது அதிகம்தான்.

ரஷ்யாவின் ஸ்வெஸ்தா போன்ற நிறுவனங்களின் பெட்டிகளில் பிளாஸ்டிக் பாகங்கள் சட்டத்தோடு வரும். வெட்டி, உரசி, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். ரகத்தைச் சரியாகக் காட்டுவதில்தான் கைத்திறன் தெரியும். வால்விசிறி பழைய எம்ஐ-8இல் வலப்புறம், எம்ஐ-17இல் இடப்புறம். வி5இன் மூக்கு நீண்டது. பின்புறம் இரட்டைக் கதவுக்குப் பதிலாகச் சாய்தளம்.

தரையில் நிற்கும்போது மேல்விசிறியின் ஐந்து இறக்கைகளும் சொந்த எடையில் தாழ்ந்து தொங்கும். பெட்டியில் வருபவை பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். வெந்நீரில் நனைத்து மெல்ல வளைக்க வேண்டும். அதைச் செய்யாத மாதிரி, வண்ணம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பொம்மைதான்.