நாலு பேர் முன்னால்

மேடையில் பேசுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கும் புத்தகங்கள் தமிழில் எத்தனையோ இருக்கின்றன. ரயில் நிலையக் கடைகளில் ஜோதிடத்துக்கும் சமையலுக்கும் நடுவே அவற்றை அடுக்கி வைத்திருப்பார்கள். நான் ஏழெட்டுப் படித்திருக்கிறேன். கண்ணாடி முன் நின்று பழகு, மூச்சை அடிவயிற்றிலிருந்து இழு, எதிரே இருப்பவர்களைப் பொம்மைகளாக நினைத்துக்கொள் என்கிறார்கள். டெமாஸ்தனீஸ் வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசிப் பழகிய கதை தவறாமல் வரும். கல்லை எப்போது துப்பினார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. போகட்டும், நாலு பேருக்கு உபயோகமான புத்தகங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவற்றில் ஒன்றில்கூட ஒரு கேள்வி எழுப்பப்படவில்லை. மேடை ஏறுகிற தமிழன் எந்தத் தமிழில் பேசுவது?

இது வித்வான்களின் வம்பு என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நாக்கு எழாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஒரகடத்துக்கு அருகில் வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம். 2022-ல் மத்தியத் தொல்பொருள் துறையினர் அங்கே தோண்டிக் கற்கருவிகளும் பழைய பானை ஓடுகளும் எடுத்தார்கள். சுற்றிலும் கார் தொழிற்சாலைகளும் டயர் தொழிற்சாலைகளும் எழும்பிவிட்ட பூமிக்கு அடியில் இவ்வளவு பழைய மனிதர்கள் இருந்தார்களா என்று பார்க்கும் ஆசையில் ஒரு நாள் போனேன். குழிகளில் கிடைத்ததைவிட டீக்கடையில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது. இரவு ஷிப்ட் முடித்து வந்த பிள்ளை ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும், நான் மேலே சொன்ன வகைப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பேசறதுக்குப் படிக்கிறியா தம்பி?" என்றேன்.

"ஆமா சார். வர்ற வாரம் மேனேஜருங்க முன்னாடி எங்க லைன்ல இருக்கறவங்களுக்காக நான்தான் பேசணும். நாலு பேர் முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்குது சார்."

என்ன விஷயம் என்று கேட்டேன். நாக்கு ஒட்டிக்கொள்ளும் லட்சணத்தைப் பாருங்கள்:

"மழை நாள்ல கம்பெனி பஸ்ஸு மெயின் ரோட்லயே எறக்கி வுட்டுடுது சார். பொண்ணுங்கள்லாம் செல்போன் லைட்டைப் புடிச்சிக்கினு ரெண்டு கிலோமீட்டர் இருட்ல நடக்குதுங்க. போன வாரம் ஒரு பொண்ணு பள்ளத்துல வுழுந்து கால்ல அடி. மறுநாள் வரல, ஒரு நாள் சம்பளம் கட்டு. ரோடு கெட்டதுக்கு அது என்னா சார் பண்ணும்?"

முப்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். இவ்வளவு சிக்கனமாக ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கு நாலு தடவை திருத்தி எழுத வேண்டியிருக்கும். பிறகு அவன் சட்டைப் பையிலிருந்து தான் தயாரித்து வைத்திருந்த பேச்சை எடுத்துக் காட்டினான். பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய நிர்வாகத்தினரே என்று தொடங்கியது. இருள் சூழ்ந்த இரவினிலே இன்னலுறும் எங்கள் இனிய சகோதரிகள் என்று போயிற்று. பள்ளம் இல்லை. செல்போன் வெளிச்சம் இல்லை. அந்தப் பெண்ணின் கால் இல்லை. கட்டான சம்பளம் பொருளாதாரப் பின்னடைவாக மாறியிருந்தது. காகிதத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது. என்னிடம் சொன்னதை அப்படியே அங்கே எழுதிக்கொள் என்றேன். "அது பேச்சு இல்லையே சார், சும்மா சொன்னதுதானே" என்றான்.

பேச்சு வேறு, சும்மா சொல்வது வேறு என்று இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்த வேற்றுமைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நம்மிடம் கதாகாலட்சேபம் இருந்தது, வித்வான்களின் வாதம் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜர், பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூரில் ஊர் கேட்கச் சொன்னதாகக் குருபரம்பரைக் கதையும் உண்டு. ஆனால் ஊரார் கூடி உட்கார, ஒருவர் நின்று ஒரு பொருள் பற்றி வசனத்தில் பேசும் பழக்கம் பாதிரிமார் பிரசங்கத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டது. பெர்ஸிவல் பாதிரியாருடன் இருந்து பைபிளைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர், அவர்களுடைய ஆயுதத்தையே எடுத்து, 1847 டிசம்பர் 31-ந் தேதி யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தமது முதல் பிரசங்கத்தைச் செய்தார். நாவலர் பரம்பரையில் வந்த கதிரைவேற் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் திரு. வி. கலியாணசுந்தரனார். அந்த மாணவர்தான் பின்னால் பெரம்பூர் மில் தொழிலாளிகள் முன் நின்றார்.

அரசியல் மேடை இன்னும் தாமதமாகத் தமிழுக்கு வந்தது. 1907-ல் விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் முன் பேசியது இங்கிலீஷில். மறு வருஷம் தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவாவும் சிதம்பரம் பிள்ளையும் தமிழில் பேசினார்கள். வித்தியாசத்தை ஸர்க்கார் உடனே கண்டுகொண்டது. சிவாவுக்குப் பத்து வருஷம். பிள்ளைக்குத் தாம் பேசியதற்கு ஒரு ஆயுள் தண்டனை, சிவாவுக்கு இடம் கொடுத்து உதவியதற்கு இன்னொன்று. அப்பீலில் குறைந்தது என்றாலும், ஒரு பேச்சாளனுக்குச் சோறு போட்டதற்கு ஆயுள் தண்டனை என்றால், அந்தப் பேச்சின் மதிப்பு என்ன என்று வெள்ளைக்கார நீதிபதி நமக்கு எடைபோட்டுக் காட்டிவிட்டார். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டபோது அதன் தலைவர் வாடியா பார்ஸிக்காரர், தமிழ் தெரியாது. தொழிலாளிகளின் காதில் விழும்படி பேசத் திரு. வி. க. போன்றவர்கள் வேண்டியிருந்தது. அவர் பேசிய தமிழ் சுத்தமான புலவர் தமிழ். சிறு சிறு வாக்கியங்களாக அதை அவர் அறுத்து வைத்ததால் மில் தொழிலாளிக்கும் அது செரித்தது.

காஞ்சீபுரத்து அண்ணாதுரைக்கு வருகிறேன். இங்கே நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் வடக்குப்பட்டுப் பிள்ளையின் காகிதத்தில் இருந்தது அவருடைய நிழல். எதுகையும் மோனையும் அடுக்கிப் பேசுவதை ஒரு தலைமுறைக்கே வெறியாக ஏற்றியவர் அவர். கூட்டத்தில் கேட்டவர்கள் மயங்கினார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டியதில்லை. விமரிசகனுக்கு அகப்படுவது அச்சுப் பிரதிதான். கம்ப ராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று 1943-ல் அவர் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளையுடனும், சேலத்தில் சோமசுந்தர பாரதியாருடனும் செய்த வாதம் 'தீ பரவட்டும்' என்று புத்தகமாக இருக்கிறது. அவருடைய கட்சியை நான் ஏற்கவில்லை. கம்பனைக் கொளுத்தச் சொல்கிறவரோடு எனக்கு எப்படி ஒத்துப்போகும்? ஆனால் படித்துப் பாருங்கள். அடுக்குமொழி மேல்பூச்சு. உள்ளே ஒரு வக்கீலின் புத்தி வேலை செய்கிறது. எதிரி சொல்லப் போவதைத் தானே சொல்லி, அதற்கு மரியாதை செய்து, பிறகு கீழே தள்ளுகிறார். (சொல்லின் செல்வர் என்று பேர் வாங்கிய சேதுப்பிள்ளையும் மோனையில் இளைத்தவரல்ல. அன்றைக்கு இருபுறமும் மோனைதான். தீர்ப்பை மோனை தரவில்லை.)

அவரைப் பின்பற்றியவர்கள் பூச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தொடங்கினால் தானாக ஓடும் சொற்கள். ஒரு சொல்லின் முதலெழுத்து அடுத்த சொல்லை இழுத்து வரும்போது மூளைக்கு வேலை இல்லை. பட்டிமன்றம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண வாழ்த்து என்று எங்கும் இது பரவிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிற குழந்தைகளைக் கவனியுங்கள்: பன்னிரண்டு வயதில் அறுபது வயதுக் குரல்.

பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், மதுரையில் இருந்து கூட்டம் கூட்டமாகக் கேட்டவர், 2009-ல் தமிழ் மேடைப் பேச்சைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் எழுதினார். எழுத்துத் தமிழை வாயால் ஒலித்ததன் மூலம் திராவிட இயக்கத்தார் தமிழின் தொன்மையையே மேடையில் நிறுத்திக் காட்டினார்கள் என்பது அவர் கருத்து. ஜனங்கள் அதில் தங்கள் பெருமையைக் கேட்டார்கள். உண்மைதான். ஆனால் அது கீழே உட்கார்ந்து கேட்பவனின் பக்கத்திலிருந்து எழுதியது. அடுத்தபடியாக மேலே ஏற வேண்டியவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே தமிழ் ஒரு வாசற்படி. கொஞ்சம் உயரமாகவே கட்டிவிட்டோம். வீட்டுப் பேச்சோடு வருகிறவன் அங்கே செருப்பைக் கழற்றுவதுபோலத் தன் பாஷையைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறான்.

இது ரஸனை பற்றிய வழக்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை சாம்சங் தொழிலாளிகள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளக் கோரிக்கை இருந்தது. முக்கியமான கோரிக்கை தங்கள் சார்பில் பேச ஒரு சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. பெரம்பூரில் 1918-ல் தொடங்கிய விஷயம்தான், ஐம்பது கிலோமீட்டர் மேற்கே தள்ளி. பேசும் உரிமையைப் போராடி வாங்கலாம். வாங்கிய பிறகு யாராவது வாயைத் திறந்து, எந்தப் பஸ், எந்தப் பள்ளம், எத்தனை மணிக்கு என்று சொல்லியாக வேண்டும்.

அப்படிச் சொன்ன பேச்சாளர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. காமராஜர் வாக்கியத்தை முடிக்கக்கூட மெனக்கெட மாட்டார், ஜனங்களுக்குப் புரிந்தது. வாரியார் சுவாமிகள் புராணத்தின் நடுவே முன்வரிசைக் குழந்தையிடம் கேள்வி கேட்பார். எல்லோரிலும் பெரிய உதாரணம் ஈரோட்டு ராமசாமிப் பெரியார். சாமியையும் சாஸ்திரத்தையும் அவர் திட்டியதில் நமக்கு என்ன அபிப்பிராயமாயினும் இருக்கட்டும். பேச்சை மட்டும் பார்ப்போம். மளிகைக்கடையில் உட்கார்ந்து வியாபாரம் பேசியவரின் தமிழ் அது. ஈரோட்டு வாடை போகவே இல்லை. இலக்கணம் தடுமாறும், ஒரே விஷயம் மூன்று தடவை வரும், வெங்காயம் என்ற வசவு நடுவே விழும். உபமானம் எல்லாம் வீட்டிலிருந்தும் சந்தையிலிருந்தும் வரும். மணிக்கணக்கில் கேட்டார்கள். கலைஞன் என்ற பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்கு என்னவோ தமிழ் வசன நடையில் நாவலாசிரியன் போய்ப் படிக்க வேண்டிய இடங்களில் அவருடைய பேச்சும் ஒன்று என்றே தோன்றுகிறது.

அவருடைய கடைசிப் பேச்சு 1973 டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் நடந்தது. வயது தொண்ணூற்று நாலு. ஐந்து நாள் கழித்து இறந்து போனார். அந்தப் பேச்சு அச்சிலும் கிடைக்கிறது, ஒலிப்பதிவிலும் இருக்கிறது. ஒலிப்பதிவைத்தான் கேட்க வேண்டும். நடுவில் வலி தாங்காமல் கிழவர் முனகுவது கேட்கிறது. கூட்டம் மூச்சுவிடாமல் இருக்கிறது. பிறகு, விட்ட இடத்திலிருந்து, அதே வீட்டுப் பேச்சில் மறுபடி ஆரம்பிக்கிறார்.