கேட்கத் தெரிந்த கலைஞர்: டி.எஸ். பாலையாவும் தமிழ்க் குணச்சித்திர நடிப்பு மரபும்

நாயகன், நாயகி, வில்லன், நகைச்சுவையாளர் என்ற பகுப்புகளில் எதற்குள்ளும் நிலையாகத் தங்கிவிடாமல், கதைக்கு வேண்டிய ஒரு மனிதரின் இயல்பை முழுமையாக நிறுத்திக் காட்டும் நடிகரைக் குணச்சித்திர நடிகர் என்று தமிழ்த் திரையுலகம் அழைத்து வந்திருக்கிறது. இச்சொல் திரைப்படத்தோடு பரவியது என்றாலும், அது குறிக்கும் திறன் நாடக மேடையிலே உருவானது. அந்த மேடையும் ஒன்றன்று, பல பள்ளிகளைக் கொண்டது. அப்பள்ளிகள் எவற்றைக் கற்பித்தன, எவற்றைக் கற்பிக்காமல் விட்டன, அவற்றில் பயின்றவர்களை இன்று எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்ற வினாக்களுக்கு டி.எஸ். பாலையாவின் (1914–1972) கலைவாழ்வைப் போல விரிவாக விடை தருவன சிலவே.

செல்வாக்கால் பெரிய பள்ளி பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால வினோத சங்கீத சபை, டி.கே.எஸ். சகோதரர்களின் ஸ்ரீ பால சண்முகானந்த சபை, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி ஆகியவை இவ்வகையின் பெயர்பெற்ற குழுக்கள். இங்கே வேடங்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் எனப் பகுக்கப்பட்டிருந்தன. அரசன் அல்லது நாயகன் வேடம் ராஜபார்ட், ஆண்பிள்ளைகள் ஏற்ற பெண்வேடம் ஸ்திரீபார்ட், திருடன் வேடம் கள்ளபார்ட், நகைச்சுவை வேடம் பபூன். குழுவின் ஆசிரியரான வாத்தியார் பாட்டையும் வசனத்தையும் அடித்தும் அதட்டியும் மனப்பாடம் செய்விப்பார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும் என்பதே முதல் பாடம். உச்சரிப்பில் சுத்தம், தாளத்தில் பிசகாமை, எந்த வேடத்தையும் ஒரே இரவில் ஏற்கும் ஆயத்தம் ஆகிய மூன்றும் இப்பள்ளியின் கொடை. மிகையாக நடிக்கும் பழக்கம் அதன் குறை.

இரண்டாவது, பயில்முறை நாடகப் பள்ளி. நடிப்பைப் பிழைப்பாகக் கொள்ளாத படித்தவர்கள் ஓய்வு நேரத்தில் நடத்திய நாடகங்கள் இதில் அடங்கும். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையில் தொடங்கி, உரைநடை வசனத்துக்கும் ஒத்திகை ஒழுங்குக்கும் முதன்மை தந்த இவ்வழி, பிற்காலத்தில் அலுவலகத்தாரும் சபாக்களும் நடத்திய நாடகங்களாக விரிந்தபோது, நாகேஷ், மேஜர் சுந்தரராஜன், பூர்ணம் விஸ்வநாதன் போன்றவர்களைத் திரைக்கு அளித்தது. மூன்றாவது, சமூகச் சீர்திருத்த மேடை. 'ரத்தக் கண்ணீர்' நாடகத்தால் எம்.ஆர். ராதாவும், அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யால் கே.ஆர். ராமசாமியும் பார்வையாளரோடு நேருக்கு நேர் வாதாடும் நடிப்பை அங்கே வளர்த்தார்கள். இவற்றுக்கு இடையே, பாய்ஸ் கம்பெனியில் பயின்ற எஸ்.வி. சகஸ்ரநாமம் தம் சேவா ஸ்டேஜ் குழுவின் வழியாகக் குரலைத் தாழ்த்தி, அன்றாட வாழ்க்கையின் அளவுக்கு நடிப்பைக் கொண்டுவர முயன்றது தனித்துக் குறிக்கத்தக்கது.

பாலையா பாய்ஸ் கம்பெனி மரபில் விளைந்தவர். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய முதல் படமான 'சதிலீலாவதி' (1936) எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் முதல் படமாக அமைந்ததுபோலவே பாலையாவுக்கும் முதல் படமாயிற்று. அதில் அவர் ஏற்றது நண்பனைக் குடிக்குள் இழுத்துக் கெடுக்கும் வில்லன் வேடம். அதன் பின்னர் 'அம்பிகாபதி' (1937) முதலாகப் பல படங்களில் அவர் சூழ்ச்சிக்காரராகவே வந்தார்; இருபது ஆண்டுகள் கழித்து 'மதுரை வீரன்' (1956) படத்திலும் நரசப்பன் என்ற வில்லனாகவே நின்றார். ஆயினும், சூழ்ச்சிக்காரனுக்குரிய நிதானமும் குழைவும் நல்லவனுக்கும் பயன்படும் என்பதை 'வேலைக்காரி' (1949) முன்னரே காட்டிவிட்டது. பழிவாங்கத் துடிக்கும் நாயகனைக் கத்தியிலிருந்து அறிவின் பக்கம் திருப்பும் நண்பன் மணியாக அதில் அவர் நடித்தார். அப்படத்தில் அவர் குரலை உயர்த்தாமல், சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதால்தான் நாயகனின் ஆவேசம் எடுபடுகிறது.

குடும்பக் கதைகள் பெருகிய காலத்தில் இத்திறன் வேறொரு பயன் பெற்றது. ஏ. பீம்சிங் இயக்கிய 'பாகப் பிரிவினை' (1959) படத்தில் பாலையா அண்ணனாகவும், டி.கே.எஸ். குழுவில் பயின்ற எஸ்.வி. சுப்பையா தம்பியாகவும் நடித்தார்கள். பாய்ஸ் கம்பெனி வழிவந்த இருவரில், சுப்பையா உணர்ச்சியைக் குரலின் நடுக்கத்தில் வெளியிடுகிறார். பாலையாவோ மனைவியின் சொல்லுக்கும் தம்பிப் பாசத்துக்கும் இடையே அகப்பட்ட மனிதரின் தடுமாற்றத்தை முகத்தை விட்டு வெளியே விடாமல் அடக்குகிறார். ஒரே பயிற்சி இரு வேறு நடைகளைத் தந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

பள்ளிகளை ஒப்பிட்டுக் காண ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தைவிட வாய்ப்பான களம் இல்லை. பாய்ஸ் கம்பெனி வழிவந்த பாலையா, சேவா ஸ்டேஜில் நடித்த முத்துராமன், பயில்முறை மேடையிலிருந்து வந்த நாகேஷ் ஆகிய மூவரும் அதில் ஒன்றுசேர்கிறார்கள். படமெடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ், எஸ்டேட் முதலாளியான தந்தை விஸ்வநாதனிடம் திகில் கதை சொல்லும் காட்சியில், உடலாலும் ஒலியாலும் இடைவிடாமல் இயங்குபவர் நாகேஷ்தான். பாலையாவுக்கு வசனம் மிகக் குறைவு. மகனின் பிதற்றலைப் பொறுத்துக்கொள்ளும் அலட்சியத்தில் தொடங்கி, தம்மை அறியாமல் கதைக்குள் இழுபட்டு, கண் விரிந்து, உடல் ஒடுங்கி, இறுதியில் பயம் முழுதாகப் பற்றிக்கொள்வது வரை ஒவ்வொரு படியையும் அவர் கேட்பதன் மூலமே காட்டுகிறார். பார்வையாளர் சிரிப்பது கதைக்காக அன்று. கதை இவரை என்ன செய்கிறது என்பதற்காகத்தான். அதே படத்தில், ஒருமையில் விரட்டப்பட்ட இளைஞன் பெரும் பணக்காரரின் மகன் என்று நம்பவைக்கப்பட்டதும், அவன் பெயருக்குப் பின்னால் மரியாதை விகுதி ஏறுவதும், முதுகு சற்றே வளைவதும், சிரிப்பு உதட்டில் ஒட்டிக்கொள்வதும் கணப்பொழுதில் நிகழ்கின்றன. பணத்தின் மீதான மதிப்பை இலக்கணத்திலும் முதுகெலும்பிலும் ஒருங்கே காட்டிய நடிப்பு அது.

அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) படத்தில் ஹேமநாத பாகவதர் வேடம் அவருடைய மேடைப் பயிற்சி முழுவதையும் கோரியது. அரசவையில் பாடும் இராகமாலிகைக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. உதட்டசைவும் கையசைவும், வித்துவச் செருக்கால் நிமிரும் கழுத்தும் பாலையாவுடையவை. சங்கீதம் பயின்றவர் என்பதால் இரவல் குரல் அவர் உடலில் பிறந்ததாகவே தோன்றுகிறது. ஆனால் அவ்வேடத்தின் உச்சம் அவர் பாடும் இடத்தில் இல்லை. விறகுவெட்டியாக வந்த இறைவன் இரவில் பாடுவதைக் கேட்டு, பாகவதரின் அகங்காரம் கரைந்து போகும் இடத்தில்தான் இருக்கிறது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்திலும் அவர் ஏற்றது நாகஸ்வரத்துக்குத் துணைநிற்கும் தவில் வித்துவான் முத்துராக்கு வேடம். தொழிலாலேயே இன்னொருவரின் வாசிப்பைச் செவியில் வாங்கி மறுமொழி தர வேண்டிய கலைஞரின் வேடம் அது. அப்படத்தில் ஜில் ஜில் ரமாமணியாகத் தோன்றிய மனோரமாவும் நாடகக் குழுக்களில் வளர்ந்தவரே என்பது இம்மரபு ஆண்களுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை என்பதை நினைவூட்டும்.

குணச்சித்திர நடிப்பை அளக்கும்போது வேடங்களின் எண்ணிக்கையையும் ஒப்பனையின் வேறுபாட்டையும் பெரிதுபடுத்துவது வழக்கமாகிவிட்டது. பாலையாவின் வேடங்களில் முகம் பெரிதாக மாறுவதில்லை. குரலும் எளிதில் அடையாளம் தெரியும். ஆகவே, அவருக்குப் பொருந்தும் அளவைகள் வேறு. சொல் தெளிவாக இருத்தல் முதலாவது. பாத்திரத்தின் சமூக நிலைக்கேற்ப உடல் இயங்குதல் இரண்டாவது. எதிரில் நிற்கும் நடிகர் பேசும்போது அதை உண்மையாகக் கேட்டு, அதனால் மாறுதல் மூன்றாவது. முதலாவதைப் பாய்ஸ் கம்பெனி கற்பித்தது, இரண்டாவதைச் சமூக நாடகம் வற்புறுத்தியது. மூன்றாவதை எந்த வாத்தியாரும் பாடமாக வைத்ததாகத் தெரியவில்லை, நெருக்கக் காட்சி எடுக்கும் கேமராவே அதைக் கேட்டு வாங்கியது.

குறைகளும் உண்டு. தொடக்க கால வில்லன் வேடங்களில் புருவமும் சிரிப்பும் தேவைக்கு மேல் உழைக்கின்றன. பிற்காலத்தில் பணக்காரத் தந்தை என்ற ஒரே வார்ப்பில் அவரைத் திரும்பத் திரும்ப ஊற்றிய படங்களும் இருக்கின்றன. இருப்பினும், மேடையின் உரத்த மொழியைக் கேமராவின் தாழ்ந்த மொழியாக மாற்றிய முதல் தலைமுறையில் அவர் இடம் உறுதியானது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, உடற்பயிற்சியையும் கூத்தையும் அடித்தளமாகக் கொண்டு பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் முதலியோரை உருவாக்கிய புதிய பள்ளி. அங்கே வாத்தியாரின் பிரம்பும் இல்லை, ராஜபார்ட்டும் இல்லை. பயிற்சி முறை அடியோடு மாறிவிட்ட இந்நாளிலும், சக நடிகர் பேசும்போது தம் முறைக்குக் காத்திருப்பவர் யார், கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்ற மூன்றாவது அளவையே எப்பள்ளி நடிகரையும் தரம் பிரிக்கிறது.